டாக்டருக்கே வயிற்று வலி!

நடு ராத்திரியில் திடீரென்று வயிறு வலித்தால் என்ன செய்வீர்கள்? அம்மாவை எழுப்புவீர்கள். அம்மா ஓமத் தண்ணீர் கொடுப்பார். அதற்கும் கேட்கவில்லை என்றால், அப்பா ஆட்டோ பிடித்து வருவார். எங்காவது ஓர் ஆஸ்பத்திரியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு டாக்டரும் இருப்பார்.

ஆட்டோ இல்லை. சாலையே இல்லை. கப்பல் வராது, விமானமும் வராது. இன்னும் பல மாதங்களுக்கு வெளியிலிருந்து ஒரு மனிதர்கூட வர முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வயிறு வலித்தால்? அதுவும், வலியால் துடிப்பவரே அங்கிருக்கும் ஒரே டாக்டர் என்றால்?

கற்பனைக் கதை இல்லை குட்டீஸ், உண்மையாகவே நடந்தது. நடந்த இடம் பூமியின் தென்கோடியில் உள்ள அண்டார்டிகா.

டாக்டரின் பெயர் லியோனித் ரோகோஸோவ். அப்போதைய சோவியத் ரஷ்யாவைச் சேர்ந்தவர். 27 வயது. அண்டார்டிகாவில் 'நோவோலாசரெவ்ஸ்கயா' என்ற புதிய ஆய்வு நிலையத்தை அமைக்க வந்த குழுவுக்கு அவர்தான் மருத்துவர். (பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!) 1961ன் தொடக்கத்தில் நிலையம் தயாரானது. கப்பல் திரும்பிப் போய்விட்டது. குளிர்காலம் முழுவதும் ஒரு டஜன் பேர் மட்டுமே அங்கே தங்கினார்கள்.

நமக்குக் கோடைக்காலம் நடக்கும்போது அண்டார்டிகாவில் குளிர்காலம் தொடங்கிவிடும். கடலே உறைந்துபோவதால் கப்பல் கரையை நெருங்க முடியாது. பொழுதும் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் சூரியன் உதிப்பதையே நிறுத்திவிடும். வாரக்கணக்கில் விடியாத இரவு! பனிப்புயல் வேறு.

ஏப்ரல் 29 காலையில் ரோகோஸோவுக்கு உடம்பு சரியில்லை. சோர்வு, குமட்டல், லேசான காய்ச்சல். பிறகு வயிற்றில் வலி. அந்த வலி மெல்ல நகர்ந்து, வயிற்றின் வலது பக்கம், கீழே போய் நின்றது. ஒரு டாக்டருக்கு இது போதாதா? குடல்வால் அழற்சி என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

நம் பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சுண்டுவிரல் போல ஒரு சிறிய வால் தொங்கிக்கொண்டிருக்கும். அதுதான் குடல்வால். 'அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்' என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருப்பீர்களே, அந்த அப்பென்டிக்ஸ்தான் இது. சில சமயம் அது வீங்கிச் சீழ் பிடித்துவிடும். அப்படியே விட்டால் வெடித்து, கிருமிகள் வயிறு முழுவதும் பரவும். உயிருக்கே ஆபத்து. (நடுவில் ஒரு வார்த்தை: வலது அடிவயிற்றில் விடாமல் வலித்தால், பரீட்சைக்குப் பயந்து நடிப்பதாக நினைத்துவிடுவார்களோ என்று தயங்காமல் வீட்டில் உடனே சொல்லிவிடுங்கள்.)

ரோகோஸோவ் மாத்திரை சாப்பிட்டார். வயிற்றின் மேல் குளிர்ச்சி வைத்துப் பார்த்தார். அடங்கவில்லை. மறுநாள் காய்ச்சல் ஏறியது, வாந்தியும் வந்தது. இன்னொரு ரஷ்ய நிலையமான மிர்னியோ வெகு தொலைவில்.  வேறு நாட்டு நிலையங்களிலும் விமானம் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பனிப்புயலில் பறக்க முடியாது.

அவருக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, சும்மா படுத்துக்கொண்டு குடல்வால் வெடிக்கக் காத்திருப்பது. மற்றொன்று, தன் வயிற்றைத் தானே கீறிக் குடல்வாலை எடுத்துவிடுவது.

ஏப்ரல் 30 இரவு அவர் அறையிலிருந்த சாமான்கள் வெளியேற்றப்பட்டன. ஒரு கட்டில், இரண்டு மேஜைகள், ஒரு மேஜை விளக்கு மட்டும்தான் மிச்சம். கிருமிகளைக் கொல்ல புற ஊதா விளக்கு போடப்பட்டது. உதவிக்கு யார் தெரியுமா? வானிலை ஆய்வாளர் ஒருவரும், வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரும்! முதலாமவர் கருவிகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். மெக்கானிக் கண்ணாடியைப் பிடிக்க வேண்டும், விளக்கைத் திருப்பிக் காட்ட வேண்டும். இவர்களில் யாராவது ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தால் என்ன செய்வது? அதற்காக நிலையத் தலைவர் மூன்றாவது ஆளாக நின்றார். 'நான் மயங்கிவிட்டால் எந்த ஊசியைப் போட வேண்டும், செயற்கை சுவாசம் எப்படிக் கொடுக்க வேண்டும்' என்பதையும் ரோகோஸோவ் முன்கூட்டியே அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

இடது பக்கம் லேசாகத் திரும்பி, பாதி படுத்தும் பாதி உட்கார்ந்தும் இருக்கும்படி சாய்ந்துகொண்டார். முழு மயக்க மருந்து எடுத்துக்கொள்ள முடியாதே. தூங்கிப் போனால் ஆபரேஷனை யார் செய்வது? அதனால் வயிற்றுத் தோல் மரத்துப்போவதற்கான ஊசியை மட்டும் போட்டுக்கொண்டார். பிறகு கத்தியை எடுத்து 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறினார்.

கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் அல்லவா? அது அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கண்ணாடியை அதிகம் நம்பாமல், கையுறையையும் போடாமல், விரல்களால் தொட்டுத் தொட்டே வேலை செய்தார். நடுவே குடலின் ஒரு பகுதியில் தவறுதலாகக் காயம் பட்டுவிட்டது. அதையும் அவரே தைத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதும் தலை சுற்ற ஆரம்பித்தது. நாலைந்து நிமிடம் வேலை, பிறகு 20, 25 விநாடி ஓய்வு. மறுபடியும் வேலை, மறுபடியும் ஓய்வு... இப்படியே போனது. கடைசியில் குடல்வால் கையில் அகப்பட்டது. அதன் அடியில் ஒரு கறுப்புத் திட்டு! இன்னும் ஒரே ஒரு நாள் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்று அவர் கணித்தார்.

மொத்தம் கிட்டத்தட்ட 2 மணி நேரம். தையல் போட்டு முடித்த பிறகும் அவர் உடனே கண்ணை மூடிவிடவில்லை. கருவிகளை எப்படிக் கழுவ வேண்டும், அறையை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உதவியாளர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டார். 5 நாளில் காய்ச்சல் நின்றது. 7ம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டு வாரத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிட்டார். 2000ம் ஆண்டு வரை வாழ்ந்தார். அன்று அவர் பயன்படுத்திய கருவிகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள துருவ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இந்தியாவின் 'மைத்ரி' ஆய்வு நிலையம் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது நோவோலாசரெவ்ஸ்கயாவுக்குப் பக்கத்து வீடு போலத்தான்! இரண்டுக்கும் இடையே சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் 1961ல் மைத்ரி இல்லை. 1980களின் கடைசியில்தான் அது அமைந்தது.

குடல்வாலுக்கு முன்கூட்டியே டாட்டா!

ஆஸ்திரேலியா ஒரு விதி வைத்திருக்கிறது. அதன் அண்டார்டிகா நிலையங்களில் குளிர்காலம் முழுவதும் தங்கப் போகும் டாக்டர், கிளம்புவதற்கு முன்பே தன் குடல்வாலை அகற்றிக்கொள்ள வேண்டும். அது நன்றாக இருந்தாலும் சரி, எடுத்தே ஆக வேண்டும்! மற்றவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களுக்கு வலி வந்தால் டாக்டர் இருக்கிறார். டாக்டருக்கு வந்தால்?

சிலி நாடு ஒரு படி மேலே போனது. அண்டார்டிகாவில் 'வியா லாஸ் எஸ்ட்ரெயாஸ்' என்று ஒரு குட்டிக் கிராமத்தை 1984ல் அமைத்தது. 'நட்சத்திரங்களின் ஊர்' என்று அர்த்தம். ராணுவத்தினர் அங்கே மனைவி, குழந்தைகளோடு வசித்தார்கள். பள்ளிக்கூடம்கூட இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்ட வேண்டும். அதனால் அங்கே நீண்ட நாள் தங்க வந்தவர்கள் எல்லோரும் குடல்வாலை எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றார்கள். 6 வயதுக் குழந்தைக்கும் அதே விதி! பள்ளியில் சேர ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டிய ஊர் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

பெங்குயின் கறிதான் மருந்து

ரோகோஸோவுக்கு ஊசி மருந்தும் கத்தியும் இருந்தன. நோய் என்னவென்றும் தெரிந்திருந்தது. அவருக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பு துருவத்துக்குப் போன டாக்டர்களின் பாடு இன்னும் மோசம். நோய்க்கு என்ன காரணம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

1897ல் 'பெல்ஜிகா' என்ற கப்பல் பெல்ஜியம் நாட்டிலிருந்து அண்டார்டிகாவுக்குக் கிளம்பியது. தலைவர் அட்ரியன் டி ஜெர்லாஷ். 1898ல் கப்பல் உறைந்த கடலில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. ஓராண்டுக்கும் மேல் அதே நிலை! மே மாதம் மறைந்த சூரியன் ஜூலையில்தான் மீண்டும் எட்டிப் பார்த்தது.

அந்த நீண்ட இருட்டில் ஒவ்வொருவராகச் சோர்ந்து விழுந்தார்கள். முகம் வெளிறியது, கால் வீங்கியது, ஈறுகள் புண்ணாயின. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. யாருடனும் பேசப் பிடிக்கவில்லை. எமில் டான்கோ என்ற அதிகாரி ஜூன் மாதம் இறந்துபோனார். எல்லோருக்கும் செல்லமான 'நான்சென்' என்ற பூனைகூட உறுமிக்கொண்டு மூலையில் முடங்கியது, அதுவும் செத்துப்போனது.

கப்பலின் டாக்டர் ஃபிரெடெரிக் குக் ஓர் அமெரிக்கர். இதற்கு முன்பு வட துருவப் பக்கம், கிரீன்லாந்தில் இனுயிட் மக்களுடன் பழகியவர். அங்கே காய்கறித் தோட்டமும் இல்லை, பழமரமும் இல்லை. ஆனாலும் அம்மக்களுக்கு ஈறு வீங்கும் இந்த நோய் வருவதில்லை! அவர்கள் சாப்பிட்டது புதிய மாமிசம். அதிலும் பெரும்பாலும் பச்சையாக. பெல்ஜிகாவில் இருந்ததோ டப்பாவில் அடைத்த உணவு. குக் முடிவு செய்தார்: எல்லோரும் பெங்குயின் கறியும் சீல் கறியும் சாப்பிட வேண்டும்.

தலைவருக்கு அந்தக் கறி என்றாலே குமட்டும். மீனையும் மாட்டிறைச்சியையும் சேர்த்து மீன் எண்ணெயில் வேகவைத்த மாதிரி ஒரு ருசியாம்! ஆனால் உயிர் பிழைக்க வேண்டுமே. முதலில் சாப்பிட்டவர்கள் சில நாட்களிலேயே எழுந்து நடமாடினார்கள். கடைசியில் தலைவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். தேறினார்!

அந்த நோயின் பெயர் ஸ்கர்வி. வைட்டமின் 'சி' குறைவதால் வருவது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எல்லாவற்றிலும் இருக்கும் அதே வைட்டமின்தான். புதிய மாமிசத்திலும் கொஞ்சம் உண்டு. நீண்ட நேரம் வேகவைத்தாலோ, டப்பாவில் அடைத்து வைத்தாலோ குறைந்துவிடும். ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற ஹங்கேரி விஞ்ஞானி வைட்டமின் 'சி'யைப் பிரித்தெடுத்து அடையாளம் காட்டியது 1928க்கும் 1932க்கும் இடையில்தான். அதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பே குக் மருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு வைத்தியமும் செய்தார். நோயாளிகளைத் துணியில்லாமல் எரியும் அடுப்பின் முன்னால் தினமும் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். சூரியன் இல்லாத குறையை நெருப்பு வெளிச்சம் தீர்க்கும் என்பது அவர் எண்ணம். வேடிக்கையாகத் தோன்றுகிறதா? பிரகாசமான வெளிச்சம் மனச் சோர்வைக் குறைக்கும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. துருவ நிலையங்களில் இப்போது அதற்கென்றே தனி விளக்குகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள். அடுப்பு வெளிச்சம் அவ்வளவுக்கு உதவியிருக்குமா என்பது சந்தேகம்தான். டாக்டர் தங்களைக் கைவிடவில்லை என்ற தைரியம் கிடைத்திருக்குமே, அதுவும் மருந்துதான்.

வெண்ணெயா, பிஸ்கட்டா?

சரி, ஸ்கர்வி வராமல் இருக்க எதைச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்தது. எவ்வளவு சாப்பிட வேண்டும்?

1911 ஜூன் மாதக் கடைசியில், பிரிட்டனைச் சேர்ந்த மூன்று பேர் அண்டார்டிகாவின் கும்மிருட்டில் ஒரு பயணம் கிளம்பினார்கள். டாக்டர் எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கேரார்ட். கேப்டன் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்தவர்கள். எம்பரர் பெங்குயினின் முட்டைகளைக் கொண்டுவருவது முதல் வேலை. இரண்டாவது வேலை ஒரு சாப்பாட்டுச் சோதனை!

மூன்று பேருக்கும் மூன்று விதச் சாப்பாடு. ஒருவருக்கு வெண்ணெய் அதிகம். ஒருவருக்கு பெமிக்கன் அதிகம். (காய்ந்த இறைச்சியைப் பொடித்துக் கொழுப்பில் பிசைந்தால் அது பெமிக்கன்.) இன்னொருவருக்கு பிஸ்கட் அதிகம். யார் தெம்பாக இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

குளிர் மைனஸ் 60 டிகிரியைத் தொட்டது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் பெட்டியே மைனஸ் 18 டிகிரி அளவில்தான் இருக்கும்! இந்தக் குளிரில் உடம்பு ஒரு கணக்குப் போடும். இதயத்தையும் மூளையையும் சூடாக வைத்தாக வேண்டும். அதனால் விரல், மூக்கு, காதுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ரத்தம் வராத விரல் நுனி வெளுத்து, மரத்து, உறைந்தே போகும். அந்த மூன்று பேரின் விரல்களிலும் கொப்புளங்கள். அந்தக் கொப்புளத்துக்குள் இருந்த நீர்கூட உறைந்து பனிக்கட்டி ஆகிவிட்டது!

சோதனை என்ன ஆயிற்று? வெண்ணெய்க்காரரால் அத்தனை வெண்ணெயைத் தின்று முடிக்க முடியவில்லை. பிஸ்கட்காரருக்கோ கொழுப்பு சாப்பிட வேண்டும் என்று ஏக்கம்; குளிரும் அவரையே அதிகம் வாட்டியது. கடைசியில் பள்ளியில் டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வதுபோல இருவரும் பங்கு மாற்றிக்கொண்டார்கள். ஐந்து வாரம் கழித்து, மூன்று முட்டைகளுடன் உயிரோடு திரும்பினார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஸ்காட்டின் தென் துருவப் பயணத்துக்குச் சாப்பாட்டு அளவு நிர்ணயம் ஆனது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4,500 கலோரி. வீட்டில் ஒரு பெரியவர் சாப்பிடுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதுவும் போதவில்லை. ஸ்காட்டும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தார்கள். திரும்பும் வழியில் ஐவரும் இறந்துபோனார்கள். வில்சனும் பவர்ஸும் அவர்களில் இருவர். கடுங்குளிர், புயல், காயம் என்று காரணங்கள் பல. பசியும் ஒன்று.

எவ்வளவு பற்றாக்குறை என்று அளந்து காட்டியவர் இன்னொரு டாக்டர். 1992-93ல் மைக் ஸ்ட்ரவுட் என்ற பிரிட்டிஷ் டாக்டரும், ரானல்ஃப் ஃபைன்ஸ் என்ற சாகசப் பயணியும் அண்டார்டிகாவில் 95 நாட்கள், கனமான ஸ்லெட்ஜ் வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். நாய் இல்லை, எஞ்சின் இல்லை. உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று அளக்க, அடையாளம் வைத்த அணுக்கள் கலந்த விசேஷத் தண்ணீரைக் குடித்தார்கள். அந்த அணுக்கள் எவ்வளவு வேகமாக உடம்பை விட்டு வெளியேறுகின்றன என்பதைச் சிறுநீரில் பார்த்தால் கணக்கு கிடைத்துவிடும். சில நாட்களில் அவர்கள் செலவழித்தது 10,000 கலோரிக்கும் மேல்! அவ்வளவு சாப்பிட வயிற்றில் இடமும் இல்லை, வண்டியிலும் இடம் இல்லை. இருவரும் தலா 20 கிலோவுக்கு மேல் எடை குறைந்து, எலும்பும் தோலுமாக மீண்டார்கள். ஸ்காட்டின் ஆட்கள் தினமும் வயிறு நிறையச் சாப்பிட்டும் பட்டினி கிடந்தார்கள் என்பது இதனால் புரிந்தது.

வானத்திலிருந்து விழுந்த மருந்து

ரோகோஸோவ் காலம் போய், செயற்கைக்கோளும் இ-மெயிலும் வந்த பிறகாவது நிலைமை மாறியதா?

1999ல் தென் துருவத்திலேயே அமைந்துள்ள அமெரிக்க நிலையத்தில் 41 பேர் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஒரே டாக்டர், ஜெர்ரி நீல்சன் என்ற பெண்மணி. அவருக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. அந்தக் குளிரில் விமான எரிபொருளே கெட்டியாகிவிடும். இறங்கினால் மறுபடி கிளம்ப முடியாது. ஆகவே தன் கட்டியிலிருந்து தானே ஊசியால் துளி எடுத்தார். உதவி செய்தவர்களில் ஒருவர் வெல்டர்! முதலில் காய்கறிகளில் ஊசி குத்திப் பழகிக்கொண்டார். நுண்ணோக்கியில் தெரிந்த படத்தை அமெரிக்க டாக்டர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே அனுப்பினார்கள். புற்றுநோய் என்று பதில் வந்தது.

ஜூலை மாத இருட்டில் ஒரு விமானம் வந்து, தரையிறங்காமலேயே மருந்துப் பெட்டிகளைப் பாராசூட்டில் போட்டுவிட்டுப் போனது. பனியில் நெருப்பு மூட்டி, எங்கே போட வேண்டும் என்று கீழே இருந்தவர்கள் அடையாளம் காட்டினார்கள். அக்டோபரில் குளிர் சற்றுக் குறைந்ததும் அவரை விமானத்தில் அழைத்துச் சென்றார்கள். அதன் பிறகு அவர் மேலும் 10 ஆண்டுகள் வாழ்ந்தார். 2001ல் அதே நிலையத்தில் மறுபடியும் நோயில் விழுந்தவர் டாக்டர்தான்! அந்த முறை ஒரு சின்ன ட்வின் ஆட்டர் விமானம், குளிர்காலம் தொடங்கிவிட்ட பின்பும் துணிந்து பறந்துபோய் அவரைக் காப்பாற்றியது.

17 வாரம் கழித்து வந்த ஜலதோஷம்

இது ஒரு துப்பறியும் கதை. ஜலதோஷம் எப்படி வருகிறது? பக்கத்து பெஞ்ச் பையன் தும்மினால், நாளை நமக்கும் வரும். கிருமி ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குத் தாவ வேண்டும். அப்படியென்றால், புதிய ஆளே வராத இடத்தில் புதிதாக ஜலதோஷம் வரக் கூடாதல்லவா?

1969ல் அண்டார்டிகாவின் அடிலெய்டு தீவில், பிரிட்டிஷ் நிலையத்தில் 12 பேர் இருந்தார்கள். 17 வாரமாக வெளியாள் ஒருவரும் வரவில்லை. திடீரென்று ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர்... வரிசையாக 6 பேருக்கு ஜலதோஷம்! அங்கேயே மாதிரிகளை எடுத்துப் பத்திரப்படுத்தி, பிரிட்டனுக்குக் கொண்டுபோய் அலசினார்கள். எந்தக் கிருமியும் பிடிபடவில்லை. 1973ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையிலும் குற்றவாளியின் பெயர் இல்லை. யாரோ ஒருவரின் உடம்புக்குள்ளேயே அத்தனை வாரமும் பதுங்கி இருந்ததோ? ஏதாவது சாமானில் ஒட்டிக்கொண்டு உறைந்து கிடந்ததோ?

மூளை சுருங்குமா?

இப்போது துருவங்களில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியில் ஒரு பகுதி, விண்வெளிக்காகத்தான். செவ்வாய்க்கு மனிதர் போனால் பல மாதங்கள் ஒரு டப்பாவுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். நடுவழியில் 'நான் இறங்கிக்கொள்கிறேன்' என்று சொல்ல முடியாது. பூமியில் அதற்கு ஒத்திகை பார்க்க அண்டார்டிகாவை விடப் பொருத்தமான இடம் ஏது?

பிரான்ஸும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் 'கன்கார்டியா' நிலையம் 3,233 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவை விட உயரம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. வெளியே மைனஸ் 80 டிகிரி. சுமார் 12 முதல் 15 பேர், 9 மாதம் அடைந்து கிடப்பார்கள். அவர்களுக்கு மிக அருகில் இருக்கும் வேறு மனிதர்கள் யார் தெரியுமா? ரஷ்யாவின் வோஸ்டோக் நிலையம் 500 கிலோமீட்டருக்கும் மேல். சர்வதேச விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே பறக்கும் உயரமே சுமார் 400 கிலோமீட்டர்தான்!  இந்த இடத்துக்கு 'வெள்ளைச் செவ்வாய்' என்று செல்லப் பெயரும் உண்டு.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஓர் ஆராய்ச்சி டாக்டரை அங்கே அனுப்புகிறது. அவர் மற்றவர்களின் ரத்தம், எச்சில், தூக்கம் எல்லாவற்றையும் பரிசோதிப்பார். விண்கலம் ஓட்டுவது போன்ற ஒரு கம்ப்யூட்டர் பயிற்சியும் கொடுத்து, இருட்டு மாதங்களில் அந்தத் திறமை எவ்வளவு மங்குகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். சூரியனே இல்லாததால் பலருக்குத் தூக்கம் குழம்பிப்போகிறது. சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடுவார்களாம். கடிகாரம் பகல் 12 என்கிறது, ஜன்னலில் நட்சத்திரம் தெரிகிறது. மூளை எதை நம்பும்?

ஜெர்மனியின் 'நியூமேயர்' நிலையத்தில் 14 மாதம் தங்கிய 9 பேரின் மூளையை, போவதற்கு முன்பும் வந்த பின்பும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2019ல் முடிவு வெளியானது. நினைவாற்றலுக்கு உதவும் 'ஹிப்போகாம்பஸ்' என்ற பகுதிக்குள் ஒரு சிறு இடம், சராசரியாக சுமார் 7 சதவீதம் சுருங்கியிருந்தது! தினமும் அதே முகங்கள், அதே சுவர், வெளியே அதே வெள்ளை என்று புதிதாக எதுவுமே இல்லாததுதான் காரணமாக இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். வெறும் 9 பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆனால் செவ்வாய்க்கு ஆள் அனுப்பத் திட்டமிடுபவர்கள் அந்த 7 சதவீதத்தைக் கவலையோடுதான் பார்க்கிறார்கள்.

நாமும் போகலாமா?

தாராளமாக! படித்து முடித்து, வேலையில் சேர்ந்த பிறகு. மைத்ரியிலும், 2012ல் திறந்த 'பாரதி' நிலையத்திலும் ஒவ்வோர் ஆண்டும் இந்தியர்கள் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் அவர்களை அனுப்புகிறது. முதலில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தலை முதல் கால் வரை பரிசோதனை. பிறகு உத்தரகண்ட் மாநிலத்தில் பனி மூடிய ஔலியில், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரிடம் பயிற்சி.

விஞ்ஞானிகள் மட்டும்தான் போக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர், சமையல்காரர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் வேண்டும். வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக் கட்டாயம் வேண்டும். டாக்டருக்கே வயிற்று வலி வந்தால், கண்ணாடியைப் பிடிக்க ஆள் வேண்டுமே!